குழந்தைக்கு ஒரு குறிப்பேடு

ஊரில் பிறந்து வளரும் குழந்தைக்கு அதன் கதையைச் சொல்லப் பலர் உளர். "உனக்கு முதற்பல் முளைத்த வாரந்தான் நம் வீட்டுப் பசு கன்று ஈன்றது" என்பாள் பாட்டி. "இல்லை, அது கோயில் கொடைக்குப் பிறகு" என்று அத்தை மறுப்பாள். அந்த வழக்கைக் கேட்டுக்கொண்டே குழந்தை தன் வரலாற்றை அறிந்துகொள்ளும். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் இல்லங்களில் அவ்வழக்கை நடத்த ஆள் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பாட்டியும் குளிர் தொடங்குமுன் ஊர் திரும்பிவிடுகிறாள். நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு பெற்றோர் இருவர் தலையிலேயே விழுகிறது. இரண்டாவது குழந்தையும் பிறந்துவிட்டால், எது யார் செய்த குறும்பு என்பதே அவர்களுக்குக் குழம்பிவிடுகிறது.

ஆதலின், குழந்தை வளர்ப்பைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு குறிப்பேடு எழுதிவர வேண்டுமென அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தில்லியில் எங்கள் இல்லத்தில் பல ஆண்டுகள் அவ்வாறு எழுதினோம். அதில் கண்ட பயனையும் செய்த பிழையையும் இங்கே சொல்கிறோம்.

இது மேனாட்டார் பழக்கம் என்று சிலர் கருதக்கூடும். சார்லஸ் டார்வின் 1839ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்த தம் முதல் மகனை நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதி, அவற்றை 1877இல் 'மைண்ட்' என்னும் இதழில் வெளியிட்டார் என்பது உண்மையே. ஓராண்டு நிறைந்த அக்குழந்தை, உணவுக்கு 'மம்' என்று தானே ஒரு சொல் படைத்துக்கொண்டதாம். சோற்றை 'மம்மு' என்று ஊட்டும் நம் தாய்மார் இதைப் படித்தால் நகைப்பார்கள்! ஆனால் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் திங்களாக நோக்குவது நமக்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பாடிய காலந்தொட்டே பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள் உண்டு. ஐந்தாம் திங்களளவில் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் திங்களளவில் கை கொட்டுவது சப்பாணி. புலவர்கள் பாடியது தெய்வத்தையும் மன்னனையுமே ஆயினும், பார்த்தது தத்தம் வீட்டுக் குழந்தையைத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

தொடங்குவது எளிது, தொடர்வதே அரிது. முதலில் நாங்கள் தடித்த அட்டையிட்ட அழகிய ஏடு ஒன்று வாங்கினோம். முதற்பக்கத்தை முத்து முத்தாக எழுதினோம். மூன்றாவது வாரத்தில் எழுத்து நின்றுவிட்டது. ஏடு அழகாக இருந்தமையால் நடையும் அழகாக இருக்கவேண்டும் என்ற அச்சமே காரணம். பிறகு நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்றைச் சமையலறையில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். பால் காயும் நேரத்தில் இரண்டு வரி எழுதினால் போதும் என்றாயிற்று. அது நிலைத்தது. இடையில் நான்கு திங்கள் விட்டுப்போனதும் உண்டு. விட்டதை நிரப்ப முயலவில்லை. அன்றைய தேதியிட்டு மீண்டும் தொடங்கினோம். விட்டதற்காக வருந்தியே ஏட்டைக் கைவிட்டவர் பலரை அறிவோம்.

எதை எழுதுவது? "இன்று குழந்தை சமர்த்தாக இருந்தாள்" என்று எழுதினால், ஓராண்டு கழித்து அதிலிருந்து ஒன்றும் விளங்காது. கண்டதையும் கேட்டதையும் அப்படியே எழுதுக. எங்கள் மகள் இரண்டு வயதில், "அம்மா, பானி ஊத்து" என்றாள். இந்தியில் பாதி, தமிழில் பாதி. திருத்தாமல் எழுதிவைத்தோம். இன்று அந்த ஒரு வரியில் எங்கள் தில்லி வாழ்க்கை முழுவதும் தெரிகிறது. காய்ச்சல், இருமல், உண்ட மருந்து ஆகியவற்றையும் தேதியோடு குறிப்பது நலம். அவளுக்கு இளைப்பு வந்த நாட்களை மருத்துவரிடம் காட்டியபோது, மூன்று ஆண்டுகளிலும் அது தீபாவளியை ஒட்டிய புகைமூட்டக் காலத்திலேயே வந்திருந்தது புலனாயிற்று. எங்கள் நினைவை நம்பியிருந்தால், "அடிக்கடி வருகிறது" என்று மட்டுமே சொல்லியிருப்போம்.

இனிப் பிழையைச் சொல்லவேண்டும். ஐந்து வயதில் அவள் இருளுக்கு அஞ்சிப் படுக்கையை நனைத்ததை நயமாக எழுதியிருந்தோம். அவளுக்கு எட்டு வயதானபோது, விருந்துக்கு வந்த நண்பர்களிடம் அதைப் படித்துக்காட்டினோம். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கதவருகில் நின்றிருந்தாள். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. எழுதியது நாங்களாயினும், எழுதப்பட்ட வாழ்க்கை அவளுடையது என்பது அன்றுதான் உறைத்தது. அதன்பின் அவள் இசைவின்றி ஒரு வரியும் வெளியில் சென்றதில்லை. குழந்தையின் படத்தையும் செய்தியையும் கைப்பேசியில் உற்றார் உறவினர் அனைவருக்கும் ஒரு நொடியில் அனுப்பிவிடும் இக்காலத்தில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் மிகுதியாக வேண்டும். ஏட்டை மீட்டுப் பெட்டியில் பூட்டலாம். அனுப்பியதை மீட்பது அரிது.

மற்றொன்றை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு வயதில் மகள் தன் குறிப்பேட்டைக் கேட்டாள். மகிழ்ச்சியோடு கொடுத்தோம். சற்று நேரத்தில் திரும்பி வந்து, "அப்பா, எனக்கு இதைப் படிக்க வரவில்லையே" என்றாள். வீட்டில் தமிழ் பேசுகிறாள், அது போதும் என்று இருந்துவிட்டோம். அவளுக்காகவே எழுதிய ஏடு அவளுக்கே புரியாத எழுத்தில் கிடந்தது. நாங்கள் வெட்கினோம்.

ஞாயிறுதோறும் மாலையில் ஒரு பக்கம் என்று தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். வரியின் கீழ் விரல் வைத்துத் தாய் படிப்பாள். மகள் கூடவே சொல்வாள். தன்னைப் பற்றிய செய்தி என்பதால் சலிக்கவில்லை. பாடநூலாக இருந்திருந்தால் இரண்டாம் வாரமே ஓடியிருப்பாள். "பானி ஊத்து" இருந்த பக்கத்தை அவள் தானே படித்தாள். பிறகு நூலில் தொங்கிய பென்சிலை எடுத்து, 'பானி'க்கு மேலே 'தன்னீர்' என்று எழுதினாள். நாங்கள் அதையும் திருத்தவில்லை.