பலகை நாட்டாத மலைகள்: பனிச்சரிவு பற்றிப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியவை

வாழைச்சேனையில் மாரிமழை பிடிக்கும் நாட்களில், சுவிஸில் இருக்கும் மருமக்களிடமிருந்து கைத்தொலைபேசிக்குப் பனிப்படங்கள் வரும். போரால் வெளியேறியவர்களின் பிள்ளைகள் பலர் அங்கே பாடசாலை முகாம்களிலேயே பனிச்சறுக்குப் பழகிவிடுகிறார்கள். பராமரிக்கப்படும் சறுக்குப் பாதைகளில் பனிச்சரிவு அபாயத்தைக் கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் அந்தப் பாதையை விட்டு, யாரும் மிதிக்காத பனியைத் தேடி நண்பர்களோடு மலைக்குள் போவதுதான் ஆபத்து.

மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் விலகப் பழகியவர்கள் நாங்கள். அந்த மலைகளுக்குள் பலகை கிடையாது. ஆனால் மிதிவெடியைப் போலவே, போகிறவரின் பாரமே பெரும்பாலும் சரிவைக் கிளப்புகிறது. பனிச்சரிவில் சிக்கும் சறுக்குவோரில் பத்தில் ஒன்பது பேரளவில், அவர்களோ கூடப் போனவர்களோ தொடக்கிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள்.

பனி படைபடையாக விழுகிறது. நடுவில் சீனி போல ஒட்டாத ஒரு படை இருந்து, அதன்மேல் காற்று இறுக்கிய பனி பலகையாகக் கிடந்தால், ஒருவர் ஏறியதும் முழுவதும் வெடித்து வழுக்கும். பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளில் இது நடக்கிறது. புதிதாக நிறையப் பனி, பலத்த காற்று, திடீர் வெப்பம், காலடியில் ‘வும்’ என்று அமுங்கும் ஓசை, பனியில் ஓடும் வெடிப்பு ஆகியவை எச்சரிக்கைகள். ஓசையோ வெடிப்போ கண்டால் அந்தச் சாய்வில் ஏறக்கூடாது.

வள்ளக்காரர் கடலுக்குப் போகுமுன் காலநிலை அறிவித்தல் கேட்பார்கள். அதுபோல, டாவோஸ் நகரிலுள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை விடுகிறது. அபாயத்துக்கு 1 முதல் 5 வரை இலக்கம். 3 என்றால் நடுத்தரம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 3 ஆம் நிலை நாட்களில்தான் கூடுதலான மரணங்கள் நிகழ்கின்றன. 4, 5 என்றால் பலர் மலைக்கே போவதில்லை.

புதைந்தவரைச் சுற்றிப் பனி சீமெந்து போல இறுகும். கையைக்கூட அசைக்க முடியாது. முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் நம்பிக்கை மிகக் குறைவு. 2016 பெப்ரவரி 3 இல் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் படையினர் 10 பேர் புதைந்தார்கள்; அவர்களில் தமிழ்நாட்டுக்காரரும் இருந்தனர். ஆறு நாள் கழித்து ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டது அபூர்வமான விதிவிலக்கு. அவரும் 11 ஆம் திகதி இறந்துபோனார்.

ஹெலிகொப்டர் பெரும்பாலும் பிந்தித்தான் வரும். காப்பாற்றக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் நண்பர். ஆகவே ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, தேடும் நீள்கம்பி, சவள் மூன்றும் இருக்க வேண்டும். புதைத்து வைத்த கருவியைத் தேடியெடுத்துப் பழகாதவருக்கு இவை வெறும் சுமை. சுவிஸ் அல்பைன் கழகம் இதற்கென வகுப்புகள் நடத்துகிறது.

போகாதே என்று இங்கிருந்து சொன்னால் அவர்கள் கேட்கப்போவதில்லை. இன்றைக்கு எத்தனையாம் இலக்கம், யார் யாரோடு போகிறாய், அவர்கள் எல்லாரும் தேடிப் பழகியவர்களா என்று கேட்டுப் பாருங்கள்.