சுவர்ப்பெட்டி

இருள் சூழ்ந்த வேளையில் இல்லத்தினுள் புகுவோர் கை, விளக்கை நாடுமுன் சுவரை நாடுகின்றது. விரல் நுனியால் ஒருமுறை அழுத்திய அளவில் அறை ஒளி பெறுகின்றது. அழுத்திய பொறி சுவிட்சு எனப்படும் என்பதை யாவரும் அறிவர். ஆயின் அச்சுவிட்சின் பின்னே, சுவர்ப்பூச்சுக்குள் புதைந்து கிடக்கும் சிறு பெட்டியைப் பற்றி எண்ணுவோர் சிலரே. வீடு கட்டுங்கால் சிலநாள் கண்ணிற்பட்டுப் பின்னர்ப் பல்லாண்டு மறைந்துவிடும் அப்பெட்டி, இல்லத்தார் உயிருக்கும் உடைமைக்கும் காவலாய் நிற்பது.

பழைய வீடுகளில் இத்தகைய பெட்டி சுவரினுள் இருந்ததில்லை. தேக்குமரச் சட்டங்களைச் சுவரின்மேல் அறைந்து, அவற்றின்மீது கம்பிகளைச் செலுத்தி, தகட்டுக் கவ்விகளால் இறுக்கினர். சுவிட்சும் மரக்கட்டையின்மேலோ மரப்பெட்டியின்மேலோ அமைந்தது. கம்பி செல்லும் வழி வெளிப்படையாய்த் தெரிந்தமையால், படம் மாட்ட ஆணி அறைவோர் அதனை விலக்கி அறைந்தனர். இந்நன்மை இக்கால வீடுகளில் இல்லை. எனினும் மரம் கரையானுக்கு இரையாவது, தீப்பற்றவும் வல்லது. ஆதலின் சுவரில் காடி வெட்டிக் குழாய் புதைத்து, அதனுள் கம்பியை ஈர்த்து, இரும்பாலோ பிளாஸ்டிக்காலோ ஆகிய பெட்டியில் முடிக்கும் முறை பரவலாயிற்று.

சுவிட்சைத் தாங்குதற்கு இரண்டு ஆணிகள் போதாவோ? பெட்டி எதற்கு? சுவிட்சின் பின்புறத்தே கம்பியின் மேலுறை நீக்கப்பட்டு, செம்பு திருகாணியால் இறுக்கப்படுகின்றது. அத்திருகாணி தளர்ந்திருப்பின், செம்பும் பித்தளையும் ஓரிரு புள்ளிகளில் மட்டுமே தொட்டு நிற்கும். மின்னோட்டம் அக்குறுகிய வழியே செல்லுங்கால் தடை மிகுந்து வெப்பம் தோன்றும். ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியின்படி, மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காகும். இனி, சுவிட்சை அணைக்குங்காலும் பிரியும் உலோகங்களினிடையே ஒரு பொறி தாவும். அப்பொறியை விரைந்து அறுக்கும் வில்லமைப்புச் சுவிட்சை நியூகாசில் நகரத்து ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884ஆம் ஆண்டில் அமைத்தார். இன்றைய சுவிட்சு ‘டிக்’கென ஒலிப்பது அவ்விரைவினாலேயே. இவ்வெப்பமும் பொறியும் அருகிலுள்ள மரத்தையோ திரைச்சீலையையோ பற்றாவண்ணம் அடக்கி வைப்பது பெட்டியின் முதற்பணியாகும்.

பெட்டியின் விளிம்பு சுவர்ப்பூச்சின் மட்டத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். மிக உள்ளே அமிழ்ந்தால் மூடிக்கும் பெட்டிக்கும் இடையே காப்பற்ற இடைவெளி உண்டாகும். மிக வெளியே நீண்டால் மூடி பொருந்தாது. இரும்புப்பெட்டியாயின் கம்பி நுழையும் துளையின் கூரிய ஓரம் மேலுறையை அறுத்துவிடும். அவ்விடத்தே ரப்பர் வளையம் இடுவர். பயன்படாத துளைகளை அடைத்தல் சிறுவேலைதான். அதனைச் செய்யாது விட்டால் எறும்பும் பல்லியும் குடிபுகும். குளியலறைச் சுவரின் மறுபுறத்தே பெட்டி வைப்போர், ஈரம் கசிந்து வருவதைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

இந்தியாவில் வீடுகளுக்கு 230 வோல்ட்டு அழுத்தத்தில் மின்சாரம் வருகின்றது. 2000 வாட்டு வெந்நீர்க் கொதிகலம் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். அதனை 6 ஆம்பியர் பிளக்கில் செருகுதல் தகாது. 16 ஆம்பியர் பிளக்கே அதற்குரியது. பிளக்கின் மூன்று துளைகளுள் மேலே உள்ள பெரிய துளை நிலத்தொடர்புக்குரியது. அதில் நுழையும் முனை ஏனையவற்றினும் நீண்டது. அதனால் நிலத்தொடர்பு முதலிற் சேர்ந்து, இறுதியிற் பிரியும். இரும்புப்பெட்டியையும் அப்பச்சைக் கம்பியோடு இணைத்தல் வேண்டும். இணையாவிடின், உள்ளே உறை அறுந்த கம்பியொன்று பெட்டியைத் தொட்டமாத்திரத்தில் பெட்டி முழுதும் மின்னேறி நிற்கும்.

இவை யாவற்றினும் அஞ்சத்தக்க பிழை ஒன்றுண்டு. சுவிட்சு, மின்விசை வரும் பேஸ் கம்பியில் அமைதல் வேண்டும். கருத்தில்லாதார் அதனைத் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் அமைத்துவிடுவர். இரண்டிலும் விளக்கு எரியும், இரண்டிலும் அணையும். வெளியே யாதொரு வேற்றுமையும் தோன்றாது. பல்ப் மாற்றுதற்கு முக்காலியின்மேல் ஏறுவோன், சுவிட்சை அணைத்தோம் என்னும் துணிவோடு விளக்குக்கிண்ணத்தில் கைவைப்பான். அங்கோ மின்விசை குறையாது காத்திருக்கும். இப்பிழையை அறிய டெஸ்டர் கொண்டு பெட்டியைச் சோதித்தல் ஒன்றே வழி. 30 மில்லிஆம்பியர் கசிந்தவுடன் தொடர்பை அறுக்கும் கருவியை இக்காலத்தில் வீடுகளில் பொருத்துகின்றனர். அது பல உயிர்களைக் காக்க வல்லது. ஆயினும் தளர்ந்த திருகாணியின் வெப்பத்தை அஃது அறியாது.

அவ்வெப்பத்தை அறிவிப்பன வேறு குறிகள்: மூடி கைக்குச் சூடாய்த் தோன்றுதல், மெல்லிய ‘கிர்’ ஒலி, மீன்நாற்றம் போன்றதொரு கரிந்த மணம், துளையோரத்துப் பழுப்புக் கறை. இவற்றுள் ஒன்றைக் கண்டதும் மெயின் சுவிட்சை அணைத்து, பயின்ற பணியாளரை அழைத்துப் பெட்டியைத் திறப்பிப்பர். திறந்து பார்க்குங்கால் உள்ளே காணப்படுவது பலவிடத்தும் அரைச்சுற்று இறுக்காது விடப்பட்ட ஒரு திருகாணியே.