8,500 ரூபாய் மிச்சம் பிடிச்சு 80,000 ரூபாய் கட்டின கதை: பாத்ரூம் தரைக்கு அடியில என்ன இருக்கணும்?

எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "வீட்டு ரிப்பேர் செலவு எமர்ஜென்சியா, இல்லையா சார்?" இதுக்குப் பதில் சொல்ல எங்க குடும்பத்துலயே ஒரு கணக்கு இருக்கு.

ஆரணியை ஒட்டின முள்ளிப்பட்டுல எங்க பெரியப்பா வீடு. கீழ் அறையில தறி போட்டுப் பட்டுப்புடவை நெய்யறார். அவர் மகன், எனக்குத் தம்பி முறை, சென்னையில ஐடி வேலை. 2022-ல மாடியில ஒரு ரூமும் பாத்ரூமும் கட்ட மாசா மாசம் பணம் அனுப்பினான். ஹோட்டல்ல பார்த்த மாதிரி ஷவர் ட்ரே வேணும்னு ஆசை. நின்னு குளிக்கிற இடத்துல பதிக்கிற, ஓரம் கொஞ்சம் உயர்ந்த ரெடிமேட் தட்டு அது.

வாட்டர் ப்ரூஃபிங்குக்கு 8,500 ரூபாய் கொட்டேஷன் வந்தது. மேஸ்திரி, "தண்ணியெல்லாம் தட்டே பிடிச்சுக்குமே தம்பி, அடியில எதுக்குப் பூச்சு?"ன்னு கேட்டார். தம்பிக்கும் நியாயமாப் பட்டது. அந்த லைனை அடிச்சுட்டான். டைல்ஸ் போட்டோ வாட்ஸ்அப்ல வந்தது, பாக்கிப் பணத்தையும் அனுப்பிட்டான்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் காலையில பெரியப்பா தறியில உட்காரப் போனா, பாவுல ஈரம். கூரையில இருந்து சொட்டு சொட்டா விழுந்து பட்டுல கறை பிடிச்சிருக்கு. அந்தப் பாவு அவருடையது இல்லை, நெய்யக் கொடுத்த முதலாளியுடையது.

கணக்கு இதுதான்

- ட்ரேயையும் தரையையும் உடைச்சு, புதுசா எல்லாம் செஞ்சது: 62,000 ரூபாய்
- பாவுக்கு ஈடு கொடுத்தது: 18,000 ரூபாய்
- மொத்தம்: 80,000 ரூபாய்

மூணு வாரம் தறி ஓடாம போன கூலி இதுல சேரலை. 8,500-க்கு இது ஒன்பது மடங்குக்கும் மேல.

தப்பு எங்க நடந்தது?

உடைச்சுப் பார்த்தப்போ ட்ரேக்கு அடியில வெறும் மணல். ஆள் ஏறி நிக்கும்போதெல்லாம் தட்டு லேசா அமுங்கி எழுந்திருக்கு. அந்த அசைவுலயே வேஸ்ட் பைப் சேர்ற ஜாயின்ட் விட்டுப்போச்சு. கசிஞ்ச தண்ணியை மணல் ஸ்பாஞ்ச் மாதிரி பிடிச்சு வெச்சுக்கிச்சு. தடுக்கப் பூச்சு இல்லாததால பைப் ஓட்டை வழியா கான்கிரீட்ல இறங்கிடுச்சு. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா உள்ள இருக்கிற கம்பியும் துரு பிடிச்சிருக்கும்.

ட்ரேயோ டைல்ஸோ, அதுக்கு முன்னாடி நடக்க வேண்டியது

1. ஸ்லாபைச் சுத்தமாக் கழுவி, விரிசல், பொத்தல் எல்லாத்தையும் அடைக்கணும். பைப் நுழையுற ஓட்டையைச் சுத்தி சுருங்காத க்ரவுட் போடணும். கசிவு அடிக்கடி ஆரம்பிக்கிற இடம் இதுதான்.
2. பைப், ட்ராப் வேலை முதல்லயே முடியணும். பூச்சுக்கு அப்புறம் யாரும் துளை போடக்கூடாது.
3. தரையும் சுவரும் சேர்ற மூலையைக் கலவையால வளைவா மூடணும்.
4. பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு ரெண்டு கோட். முதல் கோட் ஒரு திசைன்னா, ரெண்டாவது அதுக்குக் குறுக்கா. சுவர்ல ஒரு அடி உயரம் வரைக்கும், ஷவர் பக்கம் தலை உயரம் வரைக்கும் ஏறணும்.
5. பூச்சு நல்லாக் காய்ஞ்சதும் ட்ராப்பை அடைச்சு, தண்ணி கட்டி 48 மணி நேரம் விடணும். சுவர்ல தண்ணி மட்டத்துக்குப் பென்சில் கோடு போட்டு வைங்க. கீழ் அறைக் கூரையைத் தொட்டுப் பாருங்க. ஈரம் தெரிஞ்சா திரும்பப் பூச்சு.

டைல்ஸ் தரைன்னா ட்ராப் பக்கம் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேணும். ஷவர் ட்ரேக்கு இது நேர் எதிர். வாட்டம் தட்டுக்குள்ளயே இருக்கு, அதனால அடித்தளம் ரசமட்டம் வெச்சுப் பார்த்தா சமமா இருக்கணும். அடிப்பக்கம் முழுக்கக் கலவையில உட்காரணும். மேல தட்டிப் பார்த்து எங்கயாவது 'டொக்'னு வெத்துச் சத்தம் வந்தா எடுத்துத் திரும்பப் பதிக்கச் சொல்லுங்க.

இப்போ ஆடிட்டரா நான் சொல்றது

*பணத்தைக் கட்டம் கட்டமாக் கொடுங்க.* தூரத்துல இருந்து வீடு கட்டறவங்க டைல்ஸ் போட்டோ பார்த்துப் பணம் அனுப்பாதீங்க. தண்ணி கட்டின வீடியோவை முதல் நாளும் மூணாவது நாளும் கேளுங்க. வந்த பிறகுதான் டைல்ஸ் வேலைக்குப் பணம்.

*ஃபிளாட் வாங்கினவங்களுக்கு:* ரேரா சட்டம் 2016 படி, பதிவு செஞ்ச ப்ராஜெக்ட்ல சாவி வாங்கின நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையை எழுத்துல தெரிவிச்சா, பில்டர் 30 நாள்ல தன் செலவுல சரி பண்ணணும். கசிவு தெரிஞ்சதும் நீங்களே உடைக்காதீங்க. முதல்ல போட்டோ, அப்புறம் இமெயில். சொந்த இடத்துல மேஸ்திரி வெச்சுக் கட்டறவங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

*லோன் எடுத்து ரிப்பேர் பண்ணா:* சொந்தமாக் குடியிருக்கிற வீட்டுக்குப் பழைய வரி முறையில வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரைக்கும் வட்டிக்குக் கழிவு உண்டு. புது வரி முறையில அதுவும் இல்லை. அதனால வரிச் சலுகையை நம்பி லோன் எடுக்க வேண்டாம்.

*பில்லைப் பத்திரமா வைங்க.* புதுசா பாத்ரூம் கட்டின செலவு, நாளைக்கு வீட்டை விக்கும்போது மூலதன ஆதாயக் கணக்குல மேம்பாட்டுச் செலவா உதவும். வெறும் ரிப்பேர் செலவு அதுல சேராது.

சரி, எமர்ஜென்சியா இல்லையா?

கூரை சொட்டினா அது எமர்ஜென்சி, ஃபண்டைத் தொடலாம். தம்பிகிட்ட ஃபண்ட் இல்லை. கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டுத்தான் சமாளிச்சான். ஆனா வாட்டர் ப்ரூஃபிங் எமர்ஜென்சி இல்லை. கட்டும்போதே பட்ஜெட்ல எழுத வேண்டிய செலவு. பட்ஜெட் இடிச்சா டைல்ஸ்ல குறைங்க, குழாய்ல குறைங்க. அதையெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம். அடித்தளத்தை மாத்தணும்னா எல்லாத்தையும் உடைக்கணும்.

ரெண்டாவது தடவை தண்ணி கட்டினப்போ தம்பி லீவு போட்டு ஊருக்குப் போய்ட்டான். பெரியப்பா ரெண்டு நாளும் கீழ் அறையில நாற்காலி போட்டுக் கூரையைப் பார்த்துக்கிட்டே இருந்தார். மூணாவது நாள் காலையில கூரையைத் தடவிப் பார்த்துட்டு, "காய்ஞ்சுதான்டா இருக்கு"ன்னார். அதுக்கப்புறம்தான் புதுப் பாவு தறிக்கு வந்தது.

உங்க வீட்டுக் கொட்டேஷன்ல எந்த லைனை அடிக்கச் சொல்றாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல சேர்ந்து பார்ப்போம்.