ஆய்வுகூடமும் மகளிரும்

கல்விச்சாலையின் வாயிலைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? உள்ளே புகுந்தவர் ஊன்றி நின்று தொழில் புரிதற்கேற்ற நிலையும் அங்கு அமைதல் வேண்டும். இவ்வுண்மையை இரு பெண்மணிகளின் வரலாறு நன்கு புலப்படுத்தும்.

கமலா பாகவத் என்பார் 1933ஆம் ஆண்டிற் பம்பாயில் விஞ்ஞானப் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இடம் வேண்டினார். அதன் இயக்குநராயிருந்த சி. வி. இராமன், பெண் என்ற காரணத்தால் இடந்தர மறுத்தார். கமலா விட்டாரல்லர். ஈற்றில், ஓராண்டு தகுதிகாண் நிலையில் இருத்தல் வேண்டும், ஆடவர் கவனம் சிதறாதவாறு ஒழுகல் வேண்டும் என்னும் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. கவனம் சிதறுவது ஆடவர்க்கு. பொறுப்போ பெண்ணின் தலையில்! ஆயினும் அவர்தம் உழைப்பைக் கண்ட இராமன், பின்னர்ப் பிற பெண்களுக்கும் இடமளித்தார். கமலா 1939இற் கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

மற்றையவர் அ. லலிதா. பதினெட்டு வயதிற் கைக்குழந்தையுடன் கைம்மை எய்திய இவர், 1940இற் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் சேர்ந்தார். அங்குப் பேராசிரியராயிருந்த தந்தையார் பப்பு சுப்பாராவும் அதிபர் கே. சி. சாக்கோவும் துணைநின்றனர், குழந்தையை உறவினர் பேணினர். லலிதாவின் தனிமை நீங்கப் பிற மகளிரையும் சேர்க்கக் கல்லூரி முயன்றது. லீலாம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் வந்தனர். பட்டச் சான்றிதழில் ஆண்பாற் சுட்டே அச்சிடப்பட்டிருந்தமையால், அதனை வெட்டிப் பெண்பாலாகத் திருத்தி வழங்கினர். பெண்ணொருத்தி வருவாள் என்று அச்சுத்தாளும் எண்ணியிருக்கவில்லை. திரேசியா 1971இற் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியியலாளராயினார்.

ஈழத்திற் பிரேமளா சிவசேகரம் 1964இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, இந்நாட்டின் முதற் பெண் பொறியியலாளரானார்.

இவற்றால் அறியத்தக்கன யாவை? விதிகள் இருபாலார்க்கும் ஒன்றாதல் வேண்டும். ஒரு துறையில் ஒருத்தியைத் தனியே நிறுத்தலாகாது. பரிசோதனைகள் இரவிலும் நீளுமாதலின், அச்சமற்ற தங்குமிடமும் போக்குவரத்தும் வேண்டும். மகப்பேற்றின்பின் ஆராய்ச்சியைத் தொடர விடுமுறையும் குழந்தைக் காப்பகமும் வேண்டும். இழிவு நேருமிடத்து அஞ்சாது முறையிட நடுநிலையான குழுவும் வேண்டும். இவை சலுகைகள் அல்ல. ஆடவர்க்கு இல்லறத்தார் பன்னெடுங்காலமாகச் செய்துவந்த உதவிகட்கு ஈடானவையே.

லலிதாவுக்குத் தந்தையே பேராசிரியராக வாய்த்தார். ஈச்சிலம்பற்றில் உழவர் குடியிலோ மீனவர் குடியிலோ பிறந்து, விஞ்ஞானம் பயிலப் புறப்படும் மாணவிக்கு அவ்வாய்ப்பு ஏது? அவளுக்கு அத்தந்தையின் இடத்தில் நிற்றல் பல்கலைக்கழகத்தின் கடனாகும்.