ஸ்கூட்டர் சில்லில் ஒரு சின்ன வால்வு

காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தை காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ நின்று பார்த்தால் எத்தனை பெண்கள் ஸ்கூட்டரில் போகிறார்கள் என்பது தெரியும். பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, இடியப்பப் பொதிகளைக் கடைக்குக் கொடுத்துவிட்டு, அப்படியே வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். யுத்தத்தில் துணையை இழந்து, ஊரை விட்டு வந்து, குடும்பத்தைத் தனியே சுமக்கும் சகோதரிகள் பலருக்கு அந்த இரண்டு சில்லுகள்தான் கைகால். அவை ஒரு நாள் நின்றால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும். அந்தச் சில்லில் உள்ள மிகச் சிறிய பொருள் வால்வு. ஊரில் சைக்கிளுக்கு வால்கட்டை என்போமே, அதன் உறவு.

டியோ போன்ற ஸ்கூட்டர்களில் இப்போது பெரும்பாலும் ரியூப் இல்லாத ரயர்களே வருகின்றன. ரயரும் றிம்மும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக் காற்றை அடைத்து வைத்திருக்கும். ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். அனேகமாக வீடு வந்து சேர நேரம் கிடைக்கும். வால்வின் அடி அறுந்தால் அப்படியல்ல, காற்று முழுவதும் ஒரே மூச்சில் போய்விடும். முன் சில்லில், காலடியில் பிள்ளை நிற்கும்போது அது நடந்தால் என்ன ஆகும்?

வால்வின் வெளிப்பக்கம் இறப்பர், உள்ளே பித்தளைக் குழாய். இறப்பருக்கு வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் எதிரிகள். நாட்பட அடிப்பகுதியில் மயிரிழை போல் வெடிப்புகள் ஓடும். 2008 இல் அமெரிக்காவில் பல மில்லியன் கார் வால்வுகள் பற்றி எச்சரிக்கை விடுத்து, அவற்றைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. சீனாவில் 2006 இல் செய்யப்பட்ட அவை சில மாதங்களிலேயே இப்படி வெடிக்கத் தொடங்கியிருந்தன. ஆகவே புதியது என்பதற்காக மட்டும் நம்பிவிடக் கூடாது. கடையில் வாங்கும்போதே விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ இறப்பர் காய்ந்து விறைத்திருந்தாலோ வேண்டாம்.

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் தனிப்பட்ட பாவனைக்குத் திறந்தது. அதனால் எம்மில் பலர் பழைய ஸ்கூட்டரையே திருத்தித் திருத்தி ஓடுகிறோம். ரயர் மாற்றியிருப்போம், வால்வு மட்டும் பழையதாகவே இருக்கும். வால்வை மாற்ற எப்படியும் ரயரை றிம்மிலிருந்து விலக்க வேண்டும். ரயர் மாற்றும் அன்றே அதையும் மாற்றினால் கூலி ஒன்றுதான்.

காற்று இறங்குகிறது என்று போனால் சில இடங்களில், "அக்கா, ரியூப் ஒண்டு போட்டா முடிஞ்சுது" என்பார்கள். கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் றிம்மின் துளை பெரிதாகவும் ரியூபின் வால்வு மெல்லியதாகவும் இருந்தால் அது ஆடி ஆடி அடியில் அறுபடும். ஆணி ஏறினால் ரியூப் உடனே காற்றை விட்டுவிடும். ரியூப் இல்லாத ரயருக்கென்று கொடுத்த காசு வீண். "இல்லைத் தம்பி, புது வால்வே போடுங்கோ" என்று சொல்லுங்கள். தமிழ் தெரியாத இடமானால், "அலுத் வால்வ் எகக் தான்ன" என்றால் போதும்.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டியது துளையின் அளவை. பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு: 11.5 மில்லிமீற்றர், 8.3 மில்லிமீற்றர். ரயர் கழற்றியிருக்கும்போது பிள்ளையின் பென்சிலை உள்ளே விட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட இறுக்கமாக இருந்தால் சிறிய துளை, தாராளமாக ஆடினால் பெரியது. பழைய வால்வையும் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. 11.5 துளைக்குரிய இறப்பர் வால்வுகளில் 412, 413, 414 என்று எண்கள் உண்டு. எண் கூடக் கூட நீளமும் கூடும். ஸ்கூட்டருக்கு அனேகமாகக் கட்டையான 412 போதும். நீண்டது எங்காவது தட்டுப்படும்.

பத்து அங்குலச் சில்லில் இன்னொரு தொல்லை. நடுவிலுள்ள பிரேக் பகுதி இடிப்பதால் காற்றடிக்கும் குழாயின் தலை நேரான வால்வில் சரியாக உட்காராது. அடிக்கும்போதே பாதிக் காற்று வெளியே போகும். இதற்குப் பக்கவாட்டில் வளைந்த வால்வு உண்டு. உலோகத்தில் செய்து, நட்டுப் போட்டு இறுக்குவது. விலை கூட என்றாலும் வாங்கத் தகும், ஆனால் இறப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேரான இறப்பர் வால்வின் மேல் திருகும் நீட்டுக்குழாய் வேண்டாம். ஓடும்போது அதன் பாரம் வால்வின் அடியை இழுத்து ஆட்டும்.

மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு. அலோய் றிம்மின் துளையோரத்தில் வெள்ளைத் தூள் படியும். அதை மெல்லிய உரப்பேப்பரால் தேய்த்து நீக்காமல் வால்வைப் பூட்டினால் புதிய வால்வும் ஒழுகும். பூட்டும்போது சவர்க்காரத் தண்ணீர்தான் தடவ வேண்டும், எண்ணெயோ கிறீஸோ இறப்பரைக் கெடுக்கும்.

முடிந்ததும் வால்வைச் சுற்றிச் சவர்க்கார நுரை வைத்துப் பாருங்கள். அடியில் குமிழி வந்தால் பூட்டியது சரியில்லை, திரும்பச் செய்யச் சொல்லுங்கள். வாயில் வந்தால் உள்ளே இருக்கும் ஊசியை மட்டும் மாற்றினால் போதும், ரயரைக் கழற்றத் தேவையில்லை. பிறகு மூடியைத் திருகி விடுங்கள். மணலும் உப்பும் உள்ளே போகாமல் காப்பது அதுதான்.