மகாவலியும் மலைச்சரிவும்

கண்டி மாநகரை மூன்று புறமும் வளைந்தோடும் மகாவலி கங்கை, இலங்கையின் ஆறுகளுள் நீளத்தால் முதன்மை பெற்றது. மத்திய மலைநாட்டிலே தோன்றி, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக்குடாவிற் கடலொடு கலக்கின்றது. இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு இதன் வடிநிலமாகும்.

இந்நதியின் வளத்துக்கு இரண்டு இயல்புகள் காரணமாகும். ஈரவலயத்திற் பெய்யும் மழையை உலர்வலயத்துக்குக் கொண்டுசெல்லும் போக்கு ஒன்று. மலையினின்று சமவெளிக்கு இறங்கும் வீழ்ச்சி மற்றொன்று. முன்னையது வயலுக்கு நீரையும் பின்னையது நாட்டுக்கு மின்வலுவையும் தருகின்றன.

ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் துணையுடன் 1960களில் வகுக்கப்பட்ட மகாவலிப் பெருந்திட்டம் இவ்விரு பயன்களையும் ஒருங்கே நாடியது. முப்பதாண்டுகளில் நிறைவேறவேண்டிய அத்திட்டம் 1977இன் பின்னர் விரைவுபடுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, 1976இல், கண்டிக்கு அணித்தாயுள்ள பொல்கொல்லவில் ஆறு மறிக்கப்பட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழி மலையை ஊடுருவி உக்குவெல மின்னிலையத்தை அடைகின்றது. அங்கே மின்வலுவைப் பிறப்பித்த நீர், சுது கங்கை வழியாக அம்பன் கங்கையைச் சேர்ந்து, போவதென்ன நீர்த்தேக்கத்திலிருந்து கலாவெவவுக்குத் திருப்பப்படுகின்றது. இவ்வாறு, மலைநாட்டு மழை, ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் கட்டுவித்த குளத்தை நிரப்புகின்றது.

பொல்கொல்லவுக்குக் கீழே 1985இல் நிறைவெய்திய விக்டோரியா அணை நிற்கின்றது. அதன் உயரம் 122 மீற்றர். மின்னிலையத்தின் வலு 210 மெகாவாற்று. பழைய தெல்தெனிய நகரம் இந்நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. நாட்டின் பயன் கருதித் தம் மனையையும் வயலையும் இழந்தோரின் தியாகத்தை மறத்தல் தகாது.

ஈண்டு ஒரு முரண்பாடு எழுகின்றது. பொல்கொல்லவில் வடக்கே திருப்பப்படும் நீர் விக்டோரியாவின் சுழலிகளை அடைவதில்லை. வயலுக்கு மிகுதியாக விட்டால் மின்வலு குறையும். மின்வலுவுக்கு விட்டால் வயல் வாடும். மழை குன்றிய ஆண்டுகளில் இப்பங்கீடு பெருஞ் சிக்கலாகின்றது.

பங்கிடும் நீரைத் தேக்கிவைக்கும் இடமும் குறைந்து வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. மூடாக்கற்ற சரிவுகளில் மழை மண்ணை அரித்துச் செல்ல, அது வண்டலாய்ப் பொல்கொல்லத் தேக்கத்தின் பெரும்பகுதியை அடைத்தது. ஆதலின் சரிவுகளில் மரம் நடுதலும், சமவுயரக் கான் வெட்டுதலும், பராமரிப்பற்ற தேயிலை நிலங்களைச் சீர்செய்தலும் மகாவலி அபிவிருத்தியின் பிரிக்கவொண்ணாத உறுப்புக்களாகும். அணையைக் கட்டுதல் சில ஆண்டுகளின் வேலை. மலையைக் காத்தல் தலைமுறைதோறும் தொடரவேண்டிய கடமை.