பதக்கமும் குறிப்பெச்சமும்

செய்யுளொன்றுக்குப் பொருள் காண்போர் அதன்கண் உள்ள சொற்களை மட்டும் நோக்கி அமைவதில்லை. சொல்லாது விடுத்தவற்றையும் உய்த்துணர்வர். அங்ஙனம் எஞ்சி நிற்பதனைக் குறிப்பெச்சம் என்பர் இலக்கண நூலார். போர்வீரனொருவன் மார்பில் விளங்கும் பதக்கத்தையும் அவ்வாறே படித்தல் வேண்டும் என்பது என் துணிபு. ஆங்கிலப் படைத்தலைவர் சேர் ஹரி ஸ்மித்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்தில் விட்டில்சி என்னும் ஊரில் 1787 இல் பிறந்த ஸ்மித், 1805 இல் 95ஆம் துப்பாக்கிப் படையிற் சேர்ந்தார். நெப்போலியனின் படைகளை எதிர்த்துப் போர்த்துக்கல், ஸ்பெயின் நாடுகளில் நடந்த நெடும்போரில் ஈடுபட்டார். 1812 இல் படஹோஸ் நகரம் வீழ்ந்து சூறையாடப்பட்டபோது, தமக்கையோடு அடைக்கலம் தேடிவந்த 14 வயது ஹுவானாவை மணந்தார். 1815 இல் வாட்டர்லூக் களத்திலும் நின்றார்.

வாட்டர்லூவிற் பொருதோர் அனைவர்க்கும் பதவி வேறுபாடின்றி வெள்ளிப் பதக்கம் வழங்கப்பட்டது. மாண்டோரின் உறவினரும் அதனைப் பெற்றனர். ஆனால் அதற்கு முன்னர் ஆறாண்டுகள் ஸ்பெயினிலே குருதி சிந்திய எளிய வீரர்க்கு யாதும் கிடைத்திலது. உயர்பதவியினர் சிலரே பொற்பதக்கம் பெற்றிருந்தனர். ஏனையோர்க்கு 1847 இலேதான் வழி பிறந்தது. அப்பதக்கத்தில் உருவம் பொறிக்கப்பட்ட விக்டோரியா இராணியாரோ அப்போர்கள் முடிந்தபின் 1819 இல் பிறந்தவர்! ஸ்மித்தின் பதக்கம் போர்ப்பெயர் தாங்கிய 12 வெள்ளித் தகடுகளோடு பொலிந்தது. எனினும், அன்றுவரை உயிரோடிருந்து விண்ணப்பித்தவர்க்கே அஃது உரியதாயிற்று. இடையிலே மாய்ந்தவர்களைப் பற்றி அது வாய்திறவாது. இஃது ஓர் எச்சம்.

மற்றோர் எச்சம் இதனினும் கொடிது. 1834 இறுதியில் தென்னாபிரிக்காவிலே கோசா மக்களுடன் போர் மூண்டது. அவர்தம் அரசர் ஹின்ட்சா உடன்பாடு பேச ஆங்கிலப் பாசறைக்கு வந்து, பிணையாளாக நிறுத்தப்பட்டார். ஸ்மித்தின் படையோடு செல்லுங்கால் அவர் குதிரையை விரைவாகச் செலுத்தித் தப்ப முயன்றார். ஸ்மித் துரத்திச் சென்று அவரைக் கீழே வீழ்த்தினார். பின்வந்தோர் சுட்டுக் கொன்றனர். உயிரற்ற உடலின் காதுகளும் அறுக்கப்பட்டன. 1836 இல் விசாரணை நடந்தது, எவரும் தண்டிக்கப்பட்டிலர்.

பின்னர் இந்தியாவிலே, 1846 ஜனவரி 28 இல், அலிவாலிற் சீக்கியரை வென்று ஸ்மித் பெரும்புகழ் எய்தினார். 1847 இறுதியிற் கேப் நாட்டின் தேசாதிபதியாக மீண்டவர், கோசாத் தலைவர் மக்கோமாவைத் தரையிற் பணியச் செய்து, கழுத்தின்மேற் காலை வைத்தார். 1850 இல் மீண்டும் போர் வெடித்தது. 1852 இல் அவர் திருப்பியழைக்கப்பட்டார்.

1834 முதல் 1853 வரை கோசா மக்களோடு நடந்த மூன்று போர்களுக்கும் ஒரே பதக்கமே வழங்கப்பட்டது. புதரின் முன்னே குனிந்து நிற்கும் சிங்கம். கீழே 1853 என்னும் ஆண்டு. போரின் பெயருமில்லை; போரில் வீழ்ந்தாரின் பெயருமில்லை.

பதக்கம் பொய் கூறுவதன்று. 1860 இல் மறைந்த ஸ்மித் அஞ்சாநெஞ்சினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘இவன் அக்களத்தில் இருந்தான்; உயிரோடு மீண்டான்’ என்னும் அளவே அது கூறவல்லது. அங்கே என்ன செய்தான், எவர்க்குச் செய்தான் என்பவை எச்சமாய் நிற்கும். வரலாறு பயிலும் மாணாக்கர் அப்பதக்கத்தின் சிங்கத்தைக் கண்டு வியப்பாராக. வியந்தபின், ஹின்ட்சா எங்கே எனவும் வினவுவாராக.